மச்சானை ஏற்றாத சாரம்

கேள்வி: திருப்பூரில் என் மாமனார் கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டும் நாலு மாடிக் கட்டடத்துக்கு நான்தான் சைட் இன்ஜினீயர். ஆட்களில் பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள். ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தும் யாரும் போடுவதில்லை. அபராதம் போட்டும் பலனில்லை. போன மாதம் மூன்றாம் மாடியில் சாரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. டீ நேரம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிப்ளமோ முடித்த என் மச்சானும் இங்கேதான் இருக்கிறான். அவனைச் சாரத்தில் ஏற விடாமல் கீழே சிமென்ட் கணக்குப் பார்க்க வைத்திருக்கிறேன். ஆட்களுக்குப் பாதுகாப்பு உணர்வை எப்படி ஊட்டுவது?

பதில்: ஹெல்மெட்டை அப்புறம் பார்ப்போம். மச்சானை ஏன் ஏற விடவில்லை?

போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அந்த வரிதான் முக்கியம். அந்தச் சாரத்தில் எது சரியில்லை என்று உங்களுக்குத் தெரியும். சவுக்குக் கம்பில் கயிறு நைந்திருக்கலாம். இரண்டு பலகைக்கு நடுவே கால் போகிற அளவு சந்து இருக்கலாம். கம்பின் அடி, புதிதாகக் கொட்டிய மண்ணில் நிற்கலாம். சுவரோடு இழுத்துக் கட்டாமலே அடுத்த மாடிக்கு ஏற்றியிருக்கலாம். இதில் எதையோ பார்த்துத்தான் 'இவன் வேண்டாம்' என்று முடிவு செய்திருக்கிறீர்கள். பாதுகாப்பு உணர்வு உங்களிடம் தாராளமாக இருக்கிறது, ஒரே ஒருவனுக்காக.

மாமனார் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் நியாயம்தான். குடும்பத்தைக் காப்பது கடமை. ஆனால் உங்களை நம்பிக் கூலிக்கு ஏறுகிறவனும், வேலை முடிந்து இறங்கும்வரை உங்கள் வீட்டுப் பிள்ளைதான். அந்த ஒடிசாப் பையன் விழுந்தால் அவன் அம்மாவுக்கு யார் போன் செய்வது, எந்த மொழியில் சொல்வது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா?

சாரம் சரிந்தது சரி, மறுநாள் என்ன செய்தீர்கள்? அதை எழுதவே இல்லையே! பூசணிக்காய் உடைத்துவிட்டு அதே கயிற்றால் மறுபடி கட்டியிருந்தால் அது பெரிய பாவம். 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 1998இல் வந்த மத்திய விதிகள், சாரம் சரிவதை ஆபத்தான நிகழ்வுகளின் பட்டியலிலேயே சேர்த்தன. ஆளுக்கு அடிபட்டாலும் படாவிட்டாலும் தகவல் தரவேண்டும் என்றன. உங்கள் ஆட்களை அன்றைக்கு டீக்கடை காப்பாற்றியது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்தபோது ஆட்கள் உள்ளே இருந்தார்கள். 61 பேர் செத்தார்கள்.

இனி ஹெல்மெட். தலையில் சும்மாடு வைத்துச் சாந்துச் சட்டி சுமக்கிற சித்தாளுக்கு ஹெல்மெட் எங்கே உட்காரும்? அவரிடமும் அபராதம் பிடித்தீர்களா? முதலில் சாந்து மேலே போக ஒரு லிஃப்ட் வையுங்கள், பிறகு அவரிடம் பேசலாம். அதோடு, மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறவனை ஹெல்மெட் மட்டும் காப்பாற்றிவிடாது. அவனுக்கு வேண்டியது இடுப்புயரத்தில் ஒரு தடுப்புக் கம்பி, சந்தில்லாத பலகை, பெல்ட்டை மாட்ட உறுதியான ஓர் இடம். இவை மூன்றும் உங்கள் பொறுப்பு, கொத்தனாருடையது அல்ல. அபராதத்தை இன்றே நிறுத்துங்கள். காசு பிடுங்குகிறவரிடம் வந்து "சார், கட்டு தளர்ந்திருக்கு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நாளைக் காலை வேலை தொடங்குமுன் மேஸ்திரியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு சாரத்தை அடியிலிருந்து சுற்றிப் பாருங்கள். மச்சானை ஏற்ற எங்கெங்கே மனசு வரவில்லையோ, அங்கங்கே சுண்ணாம்பால் குறி போடுங்கள். குறி போட்டதெல்லாம் சரியாகும்வரை ஒருவரும் ஏறக் கூடாது. தினமும், மழை பெய்த மறுநாள் கட்டாயமாக, இதைச் செய்யுங்கள். ஒடிசாக்காரர்களில் விவரமான ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அவர்கள் மொழியில் அவர் சொல்லட்டும்.

வேலை நிற்கிறது என்று மாமனார் கோபிப்பார். அவரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: "மாமா, இதில் உங்கள் பையனை ஏற்றலாமா?" அவர் பதில் சொன்ன பிறகு இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். சாரத்தைச் சரிசெய்ய நிறுத்திய நேரத்துக்கு எல்லோருக்கும் முழுக்கூலி. கூலி போகும் என்றால் அடுத்த தடவை பலகை ஆடும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.