ரிசப்ஷன் கோட்டை மறுபடி எப்படிப் போடுவது?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்னால் என் கல்யாண ரிசப்ஷனுக்காக நேவி ப்ளூவில் கோட் சூட் தைத்தேன். அன்று ராத்திரி போட்டதோடு சரி, பீரோவில் தொங்குகிறது. டிசம்பரில் பெங்களூருவில் ஒரு இன்டர்வியூ, தை மாதம் மச்சினன் கல்யாணம். இரண்டுக்கும் இதையே போடலாமா? மற்ற நாட்களிலும் போட வழி உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாகப் போடலாம். நம் ஆண்கள் இருப்பதிலேயே அதிகம் செலவழித்துத் தைப்பதும் கோட்தான், மிகக் குறைவாகப் போடுவதும் கோட்தான். தைத்துக் கொடுப்பவன் என்ற முறையில் எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. நீங்கள் நேவி ப்ளூ எடுத்தது நல்லதாகப் போயிற்று. கறுப்பு என்றால் பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் உறுத்தும். மினுமினுக்கும் துணி என்றால் மேடையோடு அதன் வேலை முடிந்துவிடும். நேவி எங்கேயும் போகும்.

முதலில் கோட்டை எடுத்து மாட்டிப் பாருங்கள். மூன்று வருடத்தில் உடம்பு மாறியிருக்கும். பார்க்க வேண்டிய முதல் இடம் தோள். சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். கை சுவரில் படுவதற்கு முன்பே தோள் பேட் முட்டி மடங்கினால் தோள் பெரிது. அதைச் சரிசெய்ய கோட்டைப் பாதி பிரித்தாக வேண்டும், அந்தச் செலவில் இறங்காதீர்கள். இடுப்பு இறுக்கம் அப்படியில்லை. பட்டன் போட்டதும் அந்த இடத்திலிருந்து பெருக்கல் குறி மாதிரி சுருக்கம் ஓடினால் இறுகுகிறது என்று அர்த்தம். முதுகுத் தையலிலும் பக்கத் தையலிலும் பெரும்பாலும் உள்ளே துணி விட்டிருப்பார்கள், கொஞ்சம் பிரித்து விடலாம். தைத்த கடைக்கே கொண்டு போனால் எவ்வளவு விட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

அடுத்து மார்புப் பக்கம். இப்போது தைக்கிற கோட்டுகளில் பெரும்பாலும் ஃப்யூசிங் என்ற பசைத் துணியைச் சூட்டில் ஒட்டித்தான் விறைப்பு கொண்டுவருகிறோம். பசை விட்டுப்போனால் மேல்துணியில் சின்னச் சின்னக் கொப்புளம் எழும்பும். அப்படி எழும்பிவிட்டால் பழையபடி சரியாக்குவது கஷ்டம், இன்டர்வியூவுக்கு அது வேண்டாம்.

கோட்டின் பின்பக்கம் கீழே பிளவாக விட்டிருக்கும் வென்ட்டைப் பிடித்துப் பாருங்கள். நூலில் ஒரு பெருக்கல் குறித் தையல் இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். கடையிலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை மடிப்பு கலையாமல் இருக்கப் போட்ட தற்காலிகத் தையல் அது. ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை குனிந்து பெரியவர்கள் காலில் விழும்போது அந்தத் தையல் இழுத்து, பின்பக்கம் முழுக்க மேலே ஏறி நின்றதைப் பார்த்தேன். ஆல்பத்திலும் அப்படித்தான் விழுந்திருக்கும். கோட் பாக்கெட்டுகளின் வாயும் லேசாகத் தைத்திருக்கும். மேல் பாக்கெட்டை மட்டும் பிரித்துவிட்டு, பக்கப் பாக்கெட்டுகளை அப்படியே விடுங்கள். போனும் சாவியும் உள்ளே போகாமல் இருந்தாலே கோட்டின் உருவம் கெடாது.

சரி, இன்டர்வியூ. இங்கே கோட், பேன்ட் இரண்டும் ஒரே செட்டாக இருக்கட்டும். வெள்ளை அல்லது வெளிர் நீலக் காட்டன் சட்டை, கறுப்பு அல்லது அடர்பழுப்பு லெதர் ஷூ, ஷூ நிறத்திலேயே பெல்ட். வங்கி, நிதித்துறை என்றால் டை கட்டுங்கள். ஐடி கம்பெனிக்கு அது தேவைப்படாது. கோட்டின் கைக்குக் கீழே சட்டைக் கஃப் அரை இஞ்ச் வெளியே தெரிய வேண்டும். கை நீளமாக இருந்தால் அதை மட்டும் ஏற்றித் தைத்தாலே போதும், ஆளே மாறித் தெரிவார். இரண்டு பட்டன் கோட் என்றால் மேல் பட்டனை மட்டும் போடுங்கள். கீழ்ப் பட்டன் போடுவதற்காக வெட்டப்பட்டதே இல்லை, போட்டால் இடுப்பில் இழுக்கும். உட்காரும்போது அதையும் கழற்றிவிட்டு, எழுந்ததும் போட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரி ரயிலில் போவதாக இருந்தால் கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். ஒரு தோளை உள்வெளியாகத் திருப்பி, அதற்குள் மற்றத் தோளைச் செருகி, லைனிங் வெளியே தெரிகிற மாதிரி நீளவாக்கில் மடித்துப் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். போய் இறங்கியதும் பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவியில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் சுருக்கம் பெருமளவு போய்விடும். நேரடியாக அயர்ன் வைத்தால் துணி பளபளத்துவிடும். பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து மேலே விரித்துத்தான் தேய்க்க வேண்டும்.

இன்டர்வியூ முடிந்த மாலையில் டையையும் சட்டையையும் மாற்றி, உள்ளே வெள்ளை ரவுண்ட் நெக் டி-ஷர்ட் போட்டு அதே கோட்டை மாட்டிப் பாருங்கள். பெங்களூருவின் டிசம்பர் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும், அந்தக் குளிருக்கு இதமாக இருக்கும்.

மச்சினன் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்குக் கோட் வேண்டாம், பட்டு வேட்டி சட்டைதான் அழகு. ரிசப்ஷனுக்கு நீங்கள் அக்கா மாப்பிள்ளையோ தங்கை மாப்பிள்ளையோ, எப்படியும் மேடைக்குப் பக்கத்தில்தான் நிற்பீர்கள். மாப்பிள்ளையும் கோட் சூட்டில் இருப்பார். அவரோடு போட்டி போடுகிற மாதிரி தெரியாமல் இருக்க டையை விட்டுவிட்டு, சாம்பல் நிறப் பேன்ட் போடுங்கள். உங்கள் வீட்டம்மாவின் பிளவுஸ் பிட்டில் மிச்சம் விழுந்த பட்டுத் துணியைச் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து மேல் பாக்கெட்டில் வையுங்கள். இருவரும் சேர்ந்து நிற்கும்போது அந்தச் சின்னத் துண்டு எவ்வளவு பேசுகிறது என்று பார்ப்பீர்கள்.

எனக்கு இன்னும் பிடித்த வழி ஒன்று உண்டு: வேட்டிக்கு மேல் கோட். இது புதிய ஃபேஷன் இல்லை. பாரதியாரை நினைத்தாலே தலைப்பாகையோடு அந்தக் கறுப்புக் கோட்டும் சேர்ந்துதானே வருகிறது? அந்தக் காலத்து வக்கீல்களும் வாத்தியார்களும் பஞ்சகச்சத்தின் மேல் கோட் போட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். எட்டு முழ டபுள் வேட்டி, மெல்லிய கரை, காலில் ஷூ இல்லாமல் லெதர் செருப்பு. இடுப்பில் சொருகின கட்டு கோட்டின் பட்டனுக்குக் கீழே புடைக்கும், அதனால் ஒட்டிக்கோ வேட்டி எடுங்கள், இல்லையென்றால் பட்டனைத் திறந்தே விடுங்கள்.

மற்ற நாட்களுக்குக் கோட்டையும் அதன் பேன்ட்டையும் பிரித்துவிடுங்கள். சாம்பல், வெளிர் பழுப்பு இரண்டும் நேவிக்கு நன்றாகச் சேரும். கறுப்புப் பேன்ட்டும் அடர்நீல ஜீன்ஸும் வேண்டாம். நிறம் ரொம்பப் பக்கத்தில் வருவதால், செட் தேடி ஏமாந்த மாதிரி தெரியும். ஆனால் துணி வழவழவென்று மின்னினால் இந்தப் பிரிக்கிற யோசனையே ஒத்துவராது, செட்டாகவே போடுங்கள். ஈரோட்டு வெயிலில் வண்டி ஓட்டும்போது கோட் வேண்டாம், கையில் மடித்துப் போட்டுக்கொண்டு போய் ஏசிக்குள் நுழைந்ததும் மாட்டுங்கள்.

போட்டுக் கழற்றியதும் நேராகப் பீரோவுக்குள் வைக்காதீர்கள். ஒரு ராத்திரி காற்றாடத் தொங்கட்டும். தோள் அகலமான ஹேங்கர், பிளாஸ்டிக் கவருக்குப் பதில் துணி உறை, கம்பளி கலந்த துணி என்றால் மெல்லிய துணியில் முடிந்த பாச்சை உருண்டை. டிரை வாஷுக்குப் போடும்போது மட்டும், பேன்ட்டைப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், கோட்டோடு சேர்த்தே கொடுங்கள். ஒன்றை மட்டும் பல முறை கொடுத்தால் நாளாவட்டத்தில் அதன் நிறம் இறங்கி, அடுத்த இன்டர்வியூவுக்கு இரண்டும் ஒரே செட்டாகச் சேராது.