கையொப்பமிட்ட படிவமும் றம்பொடையில் தொடங்கிய வலியும்

கேள்வி: நுவரெலியாவில் வசிக்கிறேன். நானும் தம்பியும் நிலாவெளியில் மூன்று நாள் ஸ்கூபா பயிற்சி எடுத்தோம். கடைசி நாள் காலை புறாத்தீவுப் பக்கம் இரண்டு முறை 18 மீற்றர் வரை இறங்கினோம். 11.30க்குக் கரையேறி, 2 மணிக்கு வான் வண்டியில் வீட்டுக்குப் புறப்பட்டோம். றம்பொடை ஏறும்போது எனக்கு இடது தோளில் வலி. விரல்கள் விறைத்துப் போயின. மறுநாள் ஆஸ்பத்திரியில் அமுக்கநீக்க நோய் என்றார்கள். ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. உடனே மலைக்கு ஏறக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. பயிற்சி தந்தவர்களைக் கேட்டால், "ஆபத்துக்கு நானே பொறுப்பு என்று கையொப்பம் வைத்திருக்கிறீர்கள், பாடப் புத்தகத்திலும் இருக்கிறது" என்கிறார்கள். இரண்டரை மாதமாகிறது. நட்டஈடு கேட்க முடியுமா?

பதில்: முடியும். அந்தக் கையொப்பத்தைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தின்படி, தன் கவனயீனத்தால் ஒருவருக்கு நேர்ந்த மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று எந்த நிபந்தனையாலும் எழுதி வாங்க முடியாது. கடலுக்கே உரிய ஆபத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டது வேறு. பயிற்றுநர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது வேறு.

எனவே வழக்கின் உயிர் கவனயீனத்தை நிரூபிப்பதில் இருக்கிறது. 18 மீற்றரில் உடல் தாங்கும் அமுக்கம் கடல்மட்டத்தைப் போல 2.8 மடங்கு. அங்கே இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைதரசன் கரையேறிய பின்னர் மெதுவாகத்தான் வெளியேறும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளி அமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். நைதரசன் வெளியேறுமுன் அந்த உயரத்துக்குப் போனால் அது குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் தங்கிவிடக்கூடும். இதுதான் அமுக்கநீக்க நோய். சுழியோடிகளின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் விமானமேறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. அது கணக்கில் எடுக்கும் விமான அறையின் அமுக்கம் 600 முதல் 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமம். நுவரெலியா அதற்குள் வருகிறது. நீங்கள் மறுநாள் அதிகாலை 5.30 வரை கடலோரத்தில் இருந்திருக்க வேண்டும்.

இனி அந்தப் படிவத்தையே எடுத்துப் பாருங்கள். பெயருக்குக் கீழே உங்கள் கையெழுத்தில் முகவரி இருக்கும்: நுவரெலியா. அவர்கள் கேடயமாகப் பிடிக்கும் காகிதமே, நீங்கள் மலைக்குத் திரும்பப் போகிறவர் என்பது அவர்களுக்குத் தெரியும் என்று காட்டுகிறது. அன்றே புறப்படுவதாக வட்சப்பில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அதை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது, அந்தத் தொலைபேசியே வேண்டும்.

புத்தகத்தில் இருந்தது என்ற வாதத்துக்குக் கொஞ்சம் எடை உண்டு. ஆனால் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் பின், உங்கள் பங்குக் கவனயீனம், அதாவது நீங்களும் ஓரளவு கவனிக்காமல் விட்டது, கோரிக்கையை அடியோடு அழிக்காது. தொகையைக் குறைக்கும், அவ்வளவுதான். அதைவிட நான் கவலைப்படுவது காரணத் தொடர்பைப் பற்றி, அதாவது அவர்கள் சொல்லாமல் விட்டதால்தான் நோய் வந்தது என்று காட்டுவதைப் பற்றி. எல்லா விதிகளையும் கடைப்பிடித்தவருக்கும் இந்த நோய் வரலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும்; அது உண்மையும்கூட. அதனால் வலி எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் தொடங்கியது, ஒட்சிசன் கொடுத்ததும் குறைந்ததா என்பதெல்லாம் வைத்திய அறிக்கையில் இருக்க வேண்டும். டயக்னோசிஸ் கார்டில் நோயின் பெயர் மட்டும் இருந்தால், அதே வைத்தியரிடம் விரிவான அறிக்கை கேளுங்கள். வான் வண்டியில் கூட வந்த தம்பியும் தான் கண்டதை இப்போதே திகதியிட்டு எழுதி வைக்கட்டும்.

முதலில் கோரிக்கைக் கடிதம். இதை இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஏனென்றால், இறங்கும்போது உங்கள் கையில் கட்டிய டைவ் கொம்பியூட்டர் என்ற பதிவுக் கருவி வாடகைக்குக் கொடுப்பது. நினைவகம் சிறியது, புதியவர்கள் இறங்க இறங்கப் பழைய பதிவுகள் அழிந்துபோகும். ஆழம், நேரம், கரையில் இருந்த இடைவெளி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்தத் தரவையும் பதிவுப் புத்தகத்தையும் அழிக்காமல் வைத்திருக்குமாறு கடிதத்தில் தெளிவாகக் கேளுங்கள். வைத்தியச் செலவு, இழந்த சம்பளம், வலிக்கும் வேதனைக்குமான தொகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டி 14 நாள் அவகாசம் கொடுங்கள். பற்றுச்சீட்டில் உள்ள வியாபாரப் பெயரின் உரிமையாளர், பயிற்றுநர் இருவருக்கும் அனுப்ப வேண்டும்.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறையிடுவதென்றால் சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரம்தான் மிச்சம். அங்கே பயிற்சிக் கட்டணத்தைப் பற்றிப் பேசலாம். உடற்காயத்துக்கு நீதிமன்றம்தான் வழி. காலாவதிக் கட்டளைச் சட்டம் அதற்கு இரண்டு வருடம் தருகிறது. கடிதம் அனுப்பியதால் அந்தக் காலம் நிற்காது, வழக்கே தாக்கலாகியிருக்க வேண்டும். தவறு நடந்த இடம் நிலாவெளி என்பதால் திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் பாதுகாப்பானது. தொகை சிறிதானால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் வாங்கிவர வேண்டியிருக்கும்.

இடையில் அவர்கள் கட்டணத்தைத் திருப்பித் தந்து "முழுமையும் இறுதியுமான தீர்வு" என்றொரு தாளை நீட்டக்கூடும். விரல்களின் உணர்ச்சி முழுதாகத் திரும்பிவிட்டதென வைத்தியர் எழுதித் தரும்வரை அதில் கையொப்பம் வைக்காதீர்கள்.