எக்செல் டிராப் டவுன் பெட்டியை எப்படிப் பெரிதாக்குவது?

கேள்வி: ஷீட்டில் வைத்த டிராப் டவுன் குட்டியாக இருக்கிறது, பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன, இழுத்தாலும் பெரிதாக மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் உங்களிடம் இருப்பது எந்த டிராப் டவுன் என்று பாருங்கள். எக்செலில் மூன்று ரகம் உண்டு, மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாடை, ஆனால் ஒன்றுக்கான வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது. இது தெரியாமல் பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன பட்டறையின் ஸ்டோர்ஸ் கணக்கோடு நான் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

செல்லைக் கிளிக் செய்தால் மட்டும் ஓரத்தில் அம்புக்குறி எட்டிப் பார்க்கிறதா? அப்படியானால் அது டேட்டா வேலிடேஷன். அதை இழுக்கவே முடியாது, ஏனென்றால் அது தனிப் பெட்டி இல்லை, அந்த செல்லுக்கு நீங்கள் போட்ட விதி, அவ்வளவுதான். அந்த செல் இருக்கும் நெடுவரிசையை (காலம்) அகலமாக்கினால் லிஸ்டும் அகலமாகும். எழுத்து அளவை 20 ஆக்கினாலும் செல்தான் பெரிதாகுமே தவிர, விரியும் லிஸ்டில் எழுத்து அப்படியே பொடியாக இருக்கும். ஒரு நேரத்தில் சில வரிகள்தான் தெரியும், அதையும் மாற்ற வழி இல்லை. ஜூமை 130 சதவீதம் வரை கொண்டுபோனால் எழுத்து கொஞ்சம் பெரிதாகும்.

எங்கள் ஸ்டோர்ஸில் இருந்தது இந்த ரகம்தான். 'எம்12 ஹெக்ஸ் போல்ட் 50 எம்எம்', 'எம்12 ஹெக்ஸ் போல்ட் 75 எம்எம்' இரண்டும் சரியாக 'போல்ட்' என்ற இடத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர் தர்மபுரிப் பக்கத்துப் பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "இதுல எது அம்பது, எது எழுபத்தஞ்சுன்னு நான் ஜோசியமா பாக்க முடியும், தம்பி?" நியாயம்தானே.

அம்புக்குறி எப்போதும் தெரிந்தால் அது ஷீட்டின் மேல் வைத்த தனிப் பெட்டி, ஃபார்ம் கன்ட்ரோல் அல்லது ஆக்டிவ்எக்ஸ். வலது கிளிக் செய்து பாருங்கள். சுற்றிலும் புள்ளிகள் வந்து, மெனுவில் ஃபார்மேட் கன்ட்ரோல் இருந்தால் அது ஃபார்ம் கன்ட்ரோல். சும்மா கிளிக் செய்தால் லிஸ்ட்தான் விரியும், அதனால்தான் நிறைய பேர் இழுக்கவே முடியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வலது கிளிக், அப்புறம் எஸ்கேப் தட்டி மெனுவை மூடிவிட்டு, புள்ளியைப் பிடித்து இழுங்கள். இழுக்கும்போது ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டால் செல்லின் கோட்டோடு கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை வரி விரிய வேண்டும் என்பதை ஃபார்மேட் கன்ட்ரோலில் 'டிராப் டவுன் லைன்ஸ்' என்ற இடத்தில் கொடுக்கலாம், 8 என்று இருக்கும், 15 ஆக்குங்கள். வரிசையைச் செருகும்போதெல்லாம் பெட்டி இடம் மாறினால், அங்கேயே ப்ராப்பர்டீஸில் 'டோன்ட் மூவ் ஆர் சைஸ் வித் செல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது செல்லில் பெயரைப் போடாது, எத்தனையாவது பெயர் என்ற எண்ணைத்தான் போடும். பெயர் வேண்டுமென்றால், அந்த எண்ணுக்குரிய பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தரும் இன்டெக்ஸ் ஃபார்முலா எழுத வேண்டும்.

வலது கிளிக்கிற்கு அசையாவிட்டால் ஆக்டிவ்எக்ஸ். டெவலப்பர் டேபில் டிசைன் மோடைப் போட்டால்தான் மசியும். எழுத்து அளவு, லிஸ்ட்டின் அகலம், வரிகள் எல்லாவற்றையும் இதில் மாற்றலாம் என்பதால் நானும் ஆசைப்பட்டு இதற்கு மாறினேன். லேப்டாப்பில் பிரமாதமாக இருந்தது. மாதக் கூட்டத்தில் முதலாளி அறை டிவியில் இணைத்ததும் கதை கந்தல். ஒவ்வொரு கிளிக்கிற்கும் பெட்டி சுருங்கிச் சுருங்கி, நாலாவது கிளிக்கில் எறும்பு அளவுக்கு வந்துவிட்டது. லேப்டாப் திரையின் ஸ்கேலிங் (திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு) 150 சதவீதம், டிவிக்கு 100, இந்த வித்தியாசம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஷீட் திறக்கும்போதெல்லாம் உயர அகலத்தை மேக்ரோ எழுதி நிலைநிறுத்தலாம்தான், ஆனால் அடுத்தவர் கையில் கொடுக்கும் ஃபைலுக்கு அந்தத் தலைவலி எதற்கு? மேக்கில் இது வேலையே செய்யாது, ஆஃபீஸ் 2024-இல் ஆக்டிவ்எக்ஸை மைக்ரோசாஃப்ட் தானாகவே முடக்கித்தான் தருகிறது. புதிதாகச் செய்கிறவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

கடைசியில் நான் டேட்டா வேலிடேஷனுக்கே திரும்பினேன், பெட்டியை விட்டுவிட்டுப் பெயரைத் திருப்பிப் போட்டேன். '50 எம்எம் எம்12 ஹெக்ஸ் போல்ட்', '75 எம்எம் எம்12 ஹெக்ஸ் போல்ட்'. இப்போது வால் வெட்டுப்பட்டாலும் கவலை இல்லை, பெரியவருக்கு வேண்டியது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. ஆனால் பட்டியலில் பெயரை மாற்றினால் ஏற்கெனவே பதிந்த வரிகள் தாமாக மாறாது. கன்ட்ரோல் எச் (தேடி மாற்றும் வசதி) போட்டு அவற்றையும் அன்றே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஒரே போல்ட் இரண்டு பெயரில் கணக்கில் நிற்கும்.