விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது: பழைய கம்ப்யூட்டரை என்ன செய்யலாம்?

கேள்வி: கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். பேஜ்மேக்கர், பழைய தமிழ் ஃபாண்ட்கள், அவற்றுக்கான டாங்கிள் எல்லாம் ஒரே விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன (32 பிட், 4 ஜிபி ரேம்). குரோம் 109-க்கு மேல் அப்டேட் ஆக மறுக்கிறது. சில தளங்கள் வெறும் வெள்ளைப் பக்கமாக நிற்கின்றன. பேங்க் தளம் "பிரவுசர் பழசு" என்கிறது. தெரிந்த பையன் ஒருவர், விண்டோஸ் 7-க்கென்றே மாற்றிய குரோம் இருப்பதாகவும் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுத் தருவதாகவும் சொல்கிறார். இன்னொருவர் மெஷினையே கழித்துக் கட்டச் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில்: மெஷினைக் கழிக்க வேண்டாம். ஆனால் பேங்க் வேலையை அதில் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மெயில் பார்க்க, வாடிக்கையாளர் அனுப்பிய மேட்டரை இறக்க மட்டும் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) போட்டுக்கொள்ளலாம். அந்தப் பையன் சொல்வது எந்த பிரவுசர் என்று பெயரைக் கேளுங்கள். பெயர் சரியாக இருந்தாலும் பென் டிரைவிலிருந்து போட வேண்டாம்.

இந்த நிலைமை எப்படி வந்தது என்று தெரிந்தால் முடிவெடுப்பது சுலபம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. காசு கொடுத்த நிறுவனங்களுக்கான நீட்டிப்பும் 2023 ஜனவரி 10-ஓடு தீர்ந்தது. அதே மாதம் வந்த குரோம் 109-தான் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் கடைசி. பிப்ரவரி 7-இல் வந்த 110 விண்டோஸ் 10 இருந்தால்தான் ஓடும். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரும் அதே 109-இல் நின்றது. விண்டோஸ் சர்வர் 2012 வைத்திருந்தவர்களுக்காக குரோம் 109-க்கு 2023 அக்டோபர் 10 வரை முக்கியமான திருத்தங்கள் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆக, உங்கள் குரோமில் அதற்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் எல்லாம் அப்படியே திறந்து கிடக்கின்றன.

நிறுவனங்கள் வேண்டுமென்றே நம்மைப் புது மெஷின் வாங்க வைக்கின்றன என்று கடைக்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் முழுக்க அப்படியில்லை. பிரவுசர் தனியாக எதையும் செய்வதில்லை. நினைவகம் கேட்பது, நேரம் பார்ப்பது, ரகசிய எண் உருவாக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் விண்டோஸின் கதவைத் தட்டுகிறது. விண்டோஸ் 7-இல் இல்லாத கதவைப் புது பிரவுசர் தட்டினால், "புரொசீஜர் என்ட்ரி பாயின்ட்... குட் நாட் பி லொகேட்டட்" என்று ஒரு பெட்டி வந்து அங்கேயே நின்றுவிடும். பிரவுசர்களைக் கட்டும் கருவிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. ஃபயர்ஃபாக்ஸின் பல பகுதிகள் ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டவை. அந்த ரஸ்டே 2024 மே மாதம் வந்த 1.78 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-ஐக் குறைந்தபட்சமாக்கிவிட்டது.

சரி, அந்த வெள்ளைப் பக்கம். அப்படி ஒரு தளம் நிற்கும்போது எஃப்12 அழுத்தி "கன்சோல்" என்ற தலைப்பைத் திறந்து பாருங்கள். சிவப்பு எழுத்தில் "டுசார்ட்டெட் இஸ் நாட் எ ஃபங்ஷன்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும் கட்டளை அது. குரோமில் 110-ஆம் பதிப்பில்தான் நுழைந்தது, அதாவது ஒரே ஒரு பதிப்பு வித்தியாசத்தில் உங்களுக்குக் கிடைக்காமல் போனது. தளம் எழுதியவர் அதைப் பயன்படுத்தியிருந்தால், உங்கள் பிரவுசர் அந்த வரியில் தடுக்கி விழுந்து மீதிப் பக்கத்தை வரையாமலே விட்டுவிடுகிறது. இன்டர்நெட் வேகத்தையோ வைரஸையோ இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை.

பிரவுசரின் அடையாளத்தை மாற்றிக் காட்டும் எக்ஸ்டென்ஷன் போடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். பெயரைப் பார்த்துத் தடுக்கும் தளங்களில் மட்டும் அது வேலை செய்யும். இல்லாத கட்டளையைப் பெயர் மாற்றி வரவழைக்க முடியாது. பேங்க் தளத்தில் இந்த வித்தையைச் செய்யவே கூடாது. அங்கே அந்தத் தடுப்பு உங்கள் பணத்துக்காகத்தான் இருக்கிறது.

இப்போது ஃபயர்ஃபாக்ஸுக்கு வருவோம். 2023 ஜூலையில் வந்த 115-தான் விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு. ஆனால் மோசில்லா அதை நீண்டகால ஆதரவு வரிசையில், அதாவது ஈஎஸ்ஆரில் வைத்து, பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து கொடுத்தது. முதலில் 2024 செப்டம்பரோடு முடிப்பதாக இருந்தார்கள். அப்புறம் 2025 மார்ச், 2025 செப்டம்பர், 2026 மார்ச் என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். இந்தத் தேதியை மோசில்லாவின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள். அவர்களின் சொந்தத் தளத்தில் ஈஎஸ்ஆர் வரிசையில் 115-ஐத் தேர்ந்து, 32 பிட் விண்டோஸ் இன்ஸ்டாலரை இறக்க வேண்டும். போட்ட பிறகு "அபௌட் ஃபயர்ஃபாக்ஸ்" திறந்து 115-க்குப் பின் வரும் எண்ணைக் கவனியுங்கள். 13-க்குக் கீழே இருந்தால் பிரச்சினை. மோசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14-இல் காலாவதியானது, 115.13-க்கு முந்தைய பதிப்புகளில் எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்யாமல் போயின. உள்ளே நுழைந்ததும் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிடுங்கள். போலி "டவுன்லோடு" பொத்தான்களில் பாதி அதிலேயே ஒழியும், 4 ஜிபி ரேமுக்கும் சற்று மூச்சு கிடைக்கும்.

ஃபயர்ஃபாக்ஸ் 115-இலும் எல்லாத் தளமும் திறக்கும் என்று சொல்ல மாட்டேன். மேலே சொன்ன டுசார்ட்டெட் அதில் உண்டு. ஆனால் பக்க வடிவமைப்பில் இன்று பலரும் பயன்படுத்தும் "ஹேஸ்" என்ற சிஎஸ்எஸ் வசதி ஃபயர்ஃபாக்ஸில் 121-இல்தான் வந்தது. உங்கள் பழைய குரோமில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதனால் குரோமில் ஒழுங்காகத் தெரிந்த ஏதோ ஒரு தளம் ஃபயர்ஃபாக்ஸில் கோணல்மாணலாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அந்தப் பையன் சொல்வது அநேகமாக சூப்பர்மியம். குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் திறந்த மூலக் குறியீட்டை எடுத்து, எக்ஸ்பி முதல் 8.1 வரை ஓடும்படி மாற்றியிருக்கிறார்கள். விண்டோஸ் 7-இல் இல்லாத கதவுகளைத் தானே ஒரு கூடுதல் டிஎல்எல் வழியாகச் செய்து கொடுக்கிறது, அதனால்தான் ஓடுகிறது. வேலை நேர்த்தியானதுதான், 32 பிட் பதிப்பும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் திறக்காத தளத்துக்கு இரண்டாவது பிரவுசராக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூகுளில் ஒரு பெரிய கூட்டம் செய்யும் வேலையை இங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்கிறார்கள். குரோமில் ஒரு ஓட்டை அடைபட்டால் அது இங்கே வந்து சேரக் கொஞ்சம் நாள் பிடிக்கும். திட்டத்தின் சொந்த கிட்ஹப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "விண்டோஸ் 7-க்கு லேட்டஸ்ட் குரோம்" என்று வீடியோக்களுக்குக் கீழே தொங்கும் லிங்குகளிலும், கைமாறி வரும் பென் டிரைவிலும் என்ன கலந்திருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது. புது விண்டோஸுக்கான ப்ரோகிராம்களை விண்டோஸ் 7-இல் ஓட வைக்கும் விஎக்ஸ்கெக்ஸ் போன்றவை பொழுதுபோக்குக்கு நல்லது; பிழைப்பு ஓடும் கடை மெஷினில் வேண்டாம்.

பிரவுசர் புதுசாகிவிட்டால் பேங்க் வேலையையும் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். இதற்கு 2019-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் கூகுளின் ஆட்கள் ஒரு தாக்குதலைக் கண்டுபிடித்தார்கள். அதில் இரண்டு ஓட்டைகளைச் சேர்த்துப் பயன்படுத்தியிருந்தார்கள். ஒன்று குரோமில், அதற்கு வைத்த அடையாள எண் சிவிஇ-2019-5786. அதன் வழியாக உள்ளே வந்தாலும் குரோமின் சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்புக் கூண்டுக்குள் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கூண்டிலிருந்து வெளியேற இரண்டாவது ஓட்டை, விண்டோஸின் மையமான கர்னலில், வின்32கே என்ற பகுதியில் இருந்தது. குரோம் மார்ச் 1-இல் தன் பக்கத்தை அடைத்துவிட்டது. விண்டோஸ் பக்கத்தை மைக்ரோசாஃப்ட் அடைத்தது மார்ச் 12-இல். அந்தத் தாக்குதல் நேரடியாகக் காணப்பட்டது எந்த மெஷின்களில் தெரியுமா? விண்டோஸ் 7, 32 பிட். உங்களிடம் இருப்பது அதேதான். புது விண்டோஸில் சேர்த்திருந்த தடுப்புகளால் அங்கே அது பலிக்காது என்று கூகுள் கருதியது. விண்டோஸ் 8-லிருந்து பிரவுசர் தன் உள் செயல்முறைகளை அந்த வின்32கே பக்கமே போகவிடாமல் பூட்ட முடிகிறது. 7-இல் அந்த வசதியே கிடையாது.

அன்றைக்கு விண்டோஸ் 7-க்கு அடைத்துக் கொடுக்க மைக்ரோசாஃப்ட் இருந்தது. இன்று இல்லை. கதவுக்குப் புதுப் பூட்டு போடலாம், சுவர் பழசாகவே இருக்கும். அதனால்தான் எந்த பிரவுசர் போட்டாலும் நெட் பேங்கிங், ஜிஎஸ்டி, வருமான வரி, கடையின் முக்கிய மெயில் பாஸ்வேர்டு எதுவும் இந்த மெஷினில் வேண்டாம் என்கிறேன். உங்கள் கையில் இருக்கும் செல்போன், அதற்கு இன்னும் அப்டேட் வந்துகொண்டிருந்தால், இந்தக் கம்ப்யூட்டரைவிடப் பாதுகாப்பானது. மேட்டர் அனுப்பவும் வாங்கவும் தனியாக ஒரு மெயில் கணக்கு வைத்துக்கொண்டு, அதை மட்டும் இங்கே திறங்கள்.

நடுவில் ஒரு சின்ன விஷயம். எல்லாத் தளமும் ஒரேயடியாக "கனெக்ஷன் பாதுகாப்பானது அல்ல" என்று சொல்ல ஆரம்பித்தால் பிரவுசரை நோண்டுவதற்கு முன் மூலையில் தேதியைப் பாருங்கள். இந்த வயது மெஷின்களில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். சான்றிதழ்கள் தேதியை வைத்துத்தான் சரிபார்க்கப்படுகின்றன. சிஆர்2032 என்ற காசு மாதிரி பேட்டரி எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், "பரவாயில்லை, தொடர்" என்பதை அழுத்தாதீர்கள்.

விண்டோஸ் 7-ஐ டிவிடியிலிருந்து புதிதாகப் போட நேர்ந்தால் முதலில் சர்வீஸ் பேக் 1, அப்புறம் கேபி4490628, கேபி4474419 இரண்டும். இவை இல்லாவிட்டால் 2019 நடுப்பகுதிக்குப் பின் வந்த எந்த அப்டேட்டும் ஏறாது.

இனி உண்மையான தீர்வு. உங்கள் மெஷினுக்கு பேஜ்மேக்கர் வேண்டும், இன்டர்நெட் உண்மையில் வேண்டுமா என்று யோசியுங்கள். வாடிக்கையாளர் யூனிகோடில் அனுப்பும் கல்யாணப் பத்திரிகை மேட்டரை உங்கள் ஃபாண்டுக்கு மாற்ற ஏதாவது கன்வெர்ட்டர் தளத்தைத் திறக்கிறீர்கள் என்றால், அதற்கு என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போதும். நெட் இல்லாமலே பாமினி, டாம், டாப் போன்ற பழைய ஃபாண்ட் முறைகளுக்கு மாற்றும். மிச்சம் இருப்பது ஃபைல் வாங்குவதும் ப்ரூஃப் அனுப்புவதும்தான். அதற்கு செகண்ட் ஹேண்டில் ஒரு மெஷின் பக்கத்தில் போட்டுவிடலாம். வாங்கும்போது விண்டோஸ் 10-இல் ஏமாந்துவிடாதீர்கள், அதன் ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாகப் பார்த்து விண்டோஸ் 11 போடுங்கள். அதைவிடப் பழசு மலிவாகக் கிடைத்தால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, அதில் புத்தம்புது ஃபயர்ஃபாக்ஸை ஓட்டலாம்.

இரண்டையும் ரௌட்டரில் சேர்த்து, ஷேர் ஃபோல்டரைப் புது மெஷினில் வையுங்கள், பழையதில் அல்ல. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது விண்டோஸின் இந்த ஃபைல் ஷேரிங் ஓட்டை வழியாகத்தான். பழைய மெஷினின் நெட்வொர்க் செட்டிங்கில் ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, "டிஃபால்ட் கேட்வே" கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஐபிவி6 டிக்கையும் எடுத்துவிடுங்கள். இனி அது பக்கத்து மெஷினைப் பார்க்கும், பிரின்டரைப் பார்க்கும், இன்டர்நெட்டைப் பார்க்காது. பிரவுசர் பிரச்சினையே அதோடு தீர்ந்தது.

இன்னொரு மெஷினுக்கு இப்போது காசு இல்லை என்றால், இதே மெஷினில் சின்ன எஸ்எஸ்டி ஒன்றைச் சேர்த்து லினக்ஸ் மின்ட் போடலாம். மின்டுக்கு 64 பிட் ப்ராசசர் வேண்டும்; உங்களுடையது தாங்குமா என்பதை கண்ட்ரோல் பேனலில் "பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் அண்ட் டூல்ஸ்" போய், விவரப் பக்கத்தில் "64-பிட் கேப்பபிள்" என்ற வரியில் பாருங்கள். கோர் 2 டுவோ என்றாலே தாங்கும். ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்து மாற வேண்டும், அதுதான் தொல்லை. முகூர்த்த சீசனில் நீங்களே இதைக் கைவிட்டுவிடுவீர்கள் என்பது என் கணிப்பு.

எந்த வழியில் போனாலும், பழைய குரோமை நீக்குவதற்கு முன் அதன் செட்டிங்ஸில் சேமித்த பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும் சிஎஸ்வி ஃபைலில் எல்லாம் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கும். புது இடத்தில் ஏற்றியதும் அதை ரீசைக்கிள் பின்னில் கூட விட்டு வைக்காமல் அழித்து, பேங்க் பாஸ்வேர்டையும் மெயில் பாஸ்வேர்டையும் செல்போனிலிருந்து மாற்றிவிடுங்கள்.