குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு எப்போது சேர்க்கலாம்?

கேள்வி: வீட்டில் ஏழு பெட்டைகள் இருந்தன. இரண்டை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. மற்றவற்றை அடக்கி வைத்திருந்த மூத்த கோழியும் வயதாகி இறந்துவிட்டது. மிச்சமுள்ள நான்கும் இப்போது ஓயாமல் கொத்திக்கொள்கின்றன. பத்துக் குஞ்சுகள் வாங்கி வந்து ஐந்து நாளாகிறது. பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நான்கில் ஒன்று அடை படுத்திருக்கிறது. குஞ்சுகளை அதனிடம் விட்டுவிடலாமா? இல்லாவிட்டால் எப்போது மற்றவற்றோடு சேர்ப்பது?

பதில்: பெரிய கோழிகளின் சண்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். தலைமைக் கோழி போய்விட்டால் அடுத்த இடம் யாருக்கு என்று அவை முட்டி மோதித்தான் முடிவு செய்யும். ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். இரத்தம் வந்தால் மட்டும் தலையிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை அதே இடத்தில் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதால் காயம்பட்டதைப் பிரித்து வைத்து, புண் ஆறியபின் விடுங்கள்.

அடைக்கோழியிடம் விடும் காலம் கடந்துவிட்டது. பொரித்து ஓரிரு நாளுக்குள், இரவில் ஓசைப்படாமல் வயிற்றுக்கடியில் வைத்திருந்தால் அது ஏற்றுக்கொண்டிருக்கக்கூடும். ஐந்து நாள் விளக்கடியில் வளர்ந்த குஞ்சுகளுக்குத் தாயின் குரல் பழக்கமில்லை, கூப்பிட்டால் போகாது. கோழியும் அவற்றை அந்நியமாக நினைத்துக் கொத்திக் கொன்றுவிடலாம். அடையைக் கலைத்துவிடுங்கள். கம்பிவலைத் தரையுள்ள கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் அடைத்தால் போதும். அடிவயிற்றில் காற்றுப் பட்டு சூடு தணிந்தால் எழுந்துவிடும்.

இனி பெட்டிக்கு வருவோம். உங்கள் கவனம் முழுக்க இங்கேதான் இருக்க வேண்டும். முதல் வாரம் விளக்குக்கு நேர் கீழே சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். வெப்பமானி இருந்தால் நல்லது, ஆனால் நான் குஞ்சுகளைத்தான் நம்புவேன். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைந்து உரக்கக் கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஒதுங்கி, இறக்கையைத் தளரவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டி முழுக்கப் பரவி, சில தின்ன, சில கால் நீட்டிப் படுத்துத் தூங்கினால் எல்லாம் சரி. விளக்கை ஒரு பக்கமாகவே கட்டுங்கள், விலகிப் போக இடம் இருக்கும். கம்பியை இரண்டு இடத்தில் கட்டுங்கள். விளக்கு விழுந்து தீப்பிடிப்பது அரிதான விஷயமல்ல.

தரைக்கு வழுவழுப்பான செய்தித்தாள் மட்டும் போட்டால் கால் வழுக்கி விரிந்துவிடும். மரச்செதிலோ உமியோ போடுங்கள். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். கூழாங்கல் போட்டு வைத்தால் விழுந்து மூழ்காது. தினமும் ஒவ்வொன்றையும் தூக்கி ஆசனவாயைப் பாருங்கள். எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருந்தால், பிய்த்து எடுக்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, நன்றாக உலர்த்தி விடுங்கள். தொப்புளை எச்சம் என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள். அது வயிற்றுப் பக்கம் இருக்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து பயப்பட வேண்டியது இரத்தக் கழிச்சல். அதன் கிருமி ஈரமும் கதகதப்பும் உள்ள கூளத்தில்தான் வீரியம் பெறும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றன்றே அள்ளி எறிந்தாலே பாதி வேலை முடிந்தது. இறகைச் சிலிர்த்துக் குன்றி உட்காருவது, எச்சத்தில் இரத்தம் என்று எதைக் கண்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) என்ற தொற்று நோய்க்கான தடுப்பூசி நாட்களையும் அவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ப்பதற்கு நாள் கணக்கைவிட உடம்புதான் முக்கியம். ஐந்தாறு வாரத்தில் இறகு மூடி விளக்கு தேவையில்லாமல் போகும். உடனே பெரியவற்றோடு விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். கிட்டத்தட்ட அவற்றின் அளவுக்கு வளரும்வரை, அதாவது மூன்று மாதம்வரைகூட, பொறுங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் கம்பிவலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்திருங்கள். சேர்க்கும்போது பத்தையும் ஒன்றாகவே விடுங்கள். தீவனமும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். விரட்டினால் ஒளிய ஒரு சாய்த்த பலகை, இரு பக்கமும் வழியுள்ள ஒரு மறைவிடம், ஏறி உட்கார உயரமான ஒரு கொம்பு வேண்டும்.

சேர்த்தபின் தீவனம்தான் சிக்கல். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம்வரை சுண்ணாம்புச் சத்து உண்டு. வளரும் குஞ்சின் சிறுநீரகத்தை அது கெடுக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனமே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழிகள் தேவையானதை எடுத்துக்கொள்ளும். இளசுகள் முட்டையிடத் தொடங்கியபின் தீவனத்தை மாற்றலாம்.

இன்னொன்று: சேவல், பெட்டை என்று பிரிக்காமல் வாங்கியிருந்தால் பத்தில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கக்கூடும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சத்தை என்ன செய்வது என்று அவை கூவத் தொடங்குமுன் முடிவு செய்துவிடுங்கள்.