கப்பல் பூல் பக்கம் துவாய் போட்டுக் கதிரை பிடிக்கலாமா? உவர்மலை அக்காவுக்கு ஒரு பதில்

உவர்மலையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா, கதையைச் சுருக்கிச் சொல்லுறன். மகன் கனடாவில, போன வருசம் அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு மயாமியில இருந்து கரீபியன் பக்கம் போற பெரிய கப்பல் ஒண்டில போயிருக்கிறார். கரைக்குப் போகாம முழுநாளும் கடல்லயே ஓடுற ஒரு நாள், விடிய ஏழு மணிக்கே அக்கா மேல்தட்டுக்குப் போய் பூலுக்குப் பக்கத்தில நிழலாப் பாத்து ஆறு சாய்கதிரையில துவாயை விரிச்சு, செருப்பு, பை எல்லாம் வச்சிட்டு, காலமைச் சாப்பாட்டுக்கு எல்லாருமாப் போயிட்டினம். திரும்பி வர ஒன்பது தாண்டிட்டுது. வந்து பாத்தா துவாயும் இல்ல பையும் இல்ல, வேற ஒரு குடும்பம் காலை நீட்டிப் படுத்திருக்கு. மகன் போய்க் கேக்க வாய்த்தர்க்கம் முத்தி, செக்கியூரிட்டி வந்துதான் விலக்கினதாம். இந்த டிசம்பர் திரும்பவும் போகினம், இந்தமுறை பேரப்பிள்ளையளும் வருகுதுகள். நாங்கள் செய்தது பிழையா, எங்கட சாமானை எடுக்க அவைக்கு என்ன உரிமை, மற்றவை துவாய் போட்டுப் பிடிச்சு வச்சிருந்தா நாங்கள் எடுத்துப்போட்டு இருக்கலாமா, அங்க வேலை செய்யிற பெடியனுக்குக் காசு குடுத்து இடம் பிடிச்சு வைக்கச் சொல்லலாமா, இதுதான் அக்கா கேக்கிறது.

நான் கனகாலம் கப்பல்ல பூல் டெக்கில நிண்டு வேலை செய்தனான், இப்ப ஹோட்டல் வேலைக்கும் கப்பல் வேலைக்கும் போக நினைக்கிற எங்கட பக்கத்துப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். அதால ரெண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும்.

முதல் கேள்விக்கு நேராவே சொல்லுறன் அக்கா, பிழைதான். ஆனா நீங்கள் கெட்ட எண்ணத்தில செய்யேல்ல எண்டும் நல்லா விளங்குது. எங்கட பஸ் ஸ்டாண்டில கொழும்பு பஸ் வந்து நிண்ட உடன யன்னலுக்குள்ளால லேஞ்சியைப் போட்டா அந்த சீட் எங்களுக்கு, ஏறி வாறவனும் லேஞ்சியைக் கண்டா பேசாம அடுத்த சீட்டுக்குப் போயிடுவான். ஏனெண்டா லேஞ்சி போட்டவர் ரெண்டு நிமிசத்தில ஏறி வந்து இருந்திடுவார், பிறகு கொழும்பு மட்டும் எழும்பமாட்டார். கப்பல்ல துவாயைப் போட்டிட்டுப் போறவர் ரெண்டு மணித்தியாலம் திரும்பியும் பாக்கமாட்டார், துவாய் மட்டும் அங்க கிடக்கும், பக்கத்தில கைப்பிள்ளையோட ஒரு தாய் இருக்க இடமில்லாமச் சுத்திக்கொண்டு திரிவா. நான் இதை எத்தினையோ தரம் கண்ணால பாத்து மனம் நொந்தனான்.

இடம் ஏன் காணாமப் போகுது எண்டும் யோசிக்கோணும். 2024இல ஓடத் தொடங்கின ஐகொன் ஒஃப் த சீஸ் எண்ட கப்பலை எடுங்கோ, கபினுக்கு ரெண்டு பேர் எண்டு கணக்குப் போட்டாலே 5,610 பேர், நிரப்பி ஏத்தினா 7,600 பேர் வரைக்கும் போகலாம், பூல் 7. கரைக்குப் போற நாளில பாதிச் சனம் இறங்கிப் போயிடும், பிரச்சினையே வராது. கடல்ல ஓடுற நாளில அவ்வளவு சனமும் கப்பலுக்குள்ளதான், எல்லாருக்கும் பூல் பக்கம்தான் வேணும், அதிலயும் நிழல்தான் வேணும். விடிய வெள்ளன நூறு பேர் எழும்பிவந்து ஆளுக்கு நாலு துவாய் விரிச்சாங்கள் எண்டா எட்டு மணிக்கு டெக் முழுக்க துவாய், ஆளைக் காணேலாது.

அதுக்குத்தான் கொம்பனிகள் நேரக் கட்டுப்பாடு வச்சிருக்கினம். ராயல் கரீபியன்ல 30 நிமிசம், கார்னிவல்ல 40 நிமிசம், மற்றக் கொம்பனிகளும் பெரும்பாலும் இந்த அளவுதான். அந்த நேரத்துக்கு மேல ஆள் இல்லாமக் கிடந்தா சாமானை எடுத்திடலாம் எண்டு பூல் பக்கத்தில போர்ட்டே இருக்கும். டிக்கெட் எடுக்கேக்க கப்பலின்ர விதியளுக்கு ஓம் எண்டுதான் எடுக்கிறம், ஒருத்தரும் அதை வாசிக்கிறேல்ல, அது வேற கதை. அதால எடுக்கக் கப்பல்காரருக்கு உரிமை இருக்கு. நீங்கள் ஏறப்போற கப்பலில எத்தினை நிமிசம் எண்டு வெளிக்கிட முன்னமே அந்தக் கொம்பனியின்ர அப்பில பாத்து வையுங்கோ.

எடுக்கிற முறையையும் சொல்லுறன், ஏனெண்டா கனபேர் டெக்கில வேலை செய்யிற பெடியள் களவெடுத்திட்டாங்கள் எண்டு நினைச்சுக் கத்துவினம். இரவு கதிரையெல்லாம் அடுக்கி டெக்கைக் கழுவி, விடிய முன்னம் திரும்ப நிரை நிரையாப் போட்டு வைக்கிறதே அவங்கள்தான். பிறகு நாள் முழுக்க வெயிலுக்குள்ள சுத்துவாங்கள். ஆள் இல்லாத கதிரையைக் கண்டா நேரம் எழுதின ஒரு ஸ்டிக்கரோ துண்டோ ஒட்டுவாங்கள், 9.10 எண்டு. திரும்பி வரேக்கயும் ஆள் இல்ல, குறிச்ச நேரமும் முடிஞ்சுது எண்டா, செருப்பு, புத்தகம், கண்ணாடி எல்லாத்தையும் ஒரு பையில போட்டு, எந்த இடத்தில எடுத்தது எண்டு குறிச்சு துவாய் குடுக்கிற கவுண்டரில கொண்டுபோய் வைப்பாங்கள். சில கப்பலில கெஸ்ட் சேர்விஸ் எண்ட பயணியள் உதவி மேசையில கிடக்கும். உங்கட பையையும் அங்க போய்க் கேட்டிருந்தா அஞ்சு நிமிசத்தில கைக்கு வந்திருக்கும். இன்னொண்டு, துவாயைக் கணக்கு வச்சுத்தான் தாறது, திருப்பிக் குடுக்காட்டி ஒரு துவாய்க்கு 20, 25 டொலர் அளவில கபின் பில்லில ஏத்திப்போடுவினம். அந்தப் பெடியள் எடுத்துக்கொண்டு போன துவாய் உங்கட கணக்கில திரும்பி வந்ததா எண்டு கவுண்டரில ஒருக்கா கேட்டுக்கொள்ளுங்கோ.

எது சரி எது பிழை எண்டதுக்கு நான் வச்சிருக்கிற அளவு இதுதான். பூலுக்குள்ள இறங்கி நீந்துறீங்கள், துவாய் கதிரையில கிடக்கு, அது உங்கட கதிரைதான், ஒருத்தரும் கேக்கேலாது. டொய்லெட்டுக்குப் போறது, ஒரு கோப்பி எடுத்துக்கொண்டு வாறது, பிள்ளைக்கு உடுப்பு மாத்தக் கபினுக்கு ஓடிப்போட்டு வாறது, அதுவும் சரி. மனிசன் வந்துகொண்டிருக்கிறார் எண்டு மனிசி பக்கத்துக் கதிரையில கையை வச்சுக்கொண்டு பத்து நிமிசம் இருக்கிறதும் சரிதான். மேசையில இருந்து ஆறுதலாச் சாப்பிடப் போறது, ஷோ பாக்கப் போறது, கபினில போய் நித்திரை கொள்ளுறது, இதுக்கெல்லாம் கதிரையை விட்டிட்டுத்தான் போகோணும். ஒரு அம்மம்மா தனிய இருந்துகொண்டு எட்டுக் கதிரையைக் காவல் காக்கிறதும் பிழை, ஆள் பக்கத்தில இருந்தாலும் பிழைதான், அந்த எட்டில ஏழு வெறும் கதிரை.

இனி மற்றவையின்ர துவாய். இதை மட்டும் நல்லா மனசில வையுங்கோ, மகனிட்டயும் சொல்லுங்கோ, நீங்கள் தொடக்கூடாது. எவ்வளவு நேரம் வெறுமையாக் கிடந்தாலும் தொடக்கூடாது. நீங்கள் எடுத்து ஒரு பக்கமா வச்சிட்டு இருக்க, அந்தாள் வந்து என்ர போனைக் காணேல்ல எண்டு சொன்னா என்ன செய்வீங்கள்? டெக்கில கமரா இருக்கும், பாத்து உண்மையைக் கண்டுபிடிப்பினம்தான், ஆனா அதுவரைக்கும் நீங்கள்தான் கள்ளர். டெக் அற்றெண்டன்ற் பெடியன் எடுத்தா அது கப்பலின்ர விதி, நீங்கள் எடுத்தா அது ரெண்டு குடும்பத்துச் சண்டை. அதால அவனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தக் கதிரை கனநேரமா வெறுமையாக் கிடக்கு, ஒருக்கா பாருங்கோ" எண்டு மெதுவாச் சொல்லுங்கோ. அவன் ஸ்டிக்கர் ஒட்டின நேரத்தில இருந்துதான் கணக்குத் தொடங்கும், நீங்கள் ஒரு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு நிண்டது கணக்கில வராது, அதுக்கு அவனோட கோவிக்க வேண்டாம். வேற கதிரையில இருந்துகொண்டு பொறுங்கோ. ரெண்டு தரம் சொல்லியும் அவன் கவனிக்கேல்ல எண்டா அவனுக்கு மேல சூப்பவைசர் இருப்பார், அவருக்கும் மேல கெஸ்ட் சேர்விஸ் இருக்கு.

உங்கட இடத்தில வேற ஆள் இருந்தாலும் இதே முறைதான். ஒருக்கா மரியாதையாச் சொல்லிப் பாருங்கோ, எழும்பினா நல்லது, எழும்பாட்டி ரெண்டாந்தரம் வாயே திறக்காம அற்றெண்டன்ற்றைக் கூப்பிடுங்கோ. கப்பலில கைகலப்பு வந்தா செக்கியூரிட்டி ரிப்போர்ட் எழுதும், பெரிய பிரச்சினை எண்டா அடுத்த துறைமுகத்தில இறக்கி விடுற அதிகாரம் கப்டனுக்கு இருக்கு, வீட்ட போற டிக்கெட் காசும் உங்கட தலையிலதான். மகனுக்குக் கனேடியப் பாஸ்போட், எங்கயும் இறங்கிச் சமாளிச்சுக்கொள்ளுவார். உங்களுக்கும் அண்ணைக்கும் இலங்கைப் பாஸ்போட், விசா இல்லாத நாட்டில இறக்கிவிட்டா என்ன பாடு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஒரு கதிரைக்கு இது தேவையா அக்கா?

விதி எழுதினாப் போதாது, நடத்திக் காட்டோணும் எண்டதை நான் எப்பவும் சொல்லுறனான். 2023 கடைசியில ஜேர்மனியில ஹனோவர் கோட்டில ஒரு தீர்ப்பு வந்தது. கிரேக்கத்தில ரோட்ஸ் தீவு ஹோட்டலுக்கு டூர் கொம்பனி மூலமாப் போன ஒருத்தர், அரை மணித்தியாலத்துக்கு மேல துவாய் போட்டுப் பிடிச்சு வைக்கக்கூடாது எண்டு ஹோட்டலே விதி வச்சும் அதை நடைமுறைப்படுத்தேல்ல, எங்களுக்குக் கதிரையே கிடைக்கேல்ல எண்டு வழக்குப் போட, டூர் கொம்பனி 300 யூரோவுக்குக் கொஞ்சம் மேல திருப்பிக் குடுக்கோணும் எண்டு கோட் சொன்னது. அது அந்த நாட்டுச் சட்டம், உங்கட கப்பலுக்குப் பொருந்தாது, ஆனா இஞ்ச திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் நடத்துற ஆக்கள் கட்டாயம் கவனிக்கோணும். மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் சீசனில எங்கட கடற்கரையிலயும் இதே கூத்துத்தான், விடிய வெள்ளைக்காரர் சன்பெட்டில துவாயைப் போட்டிட்டு புறாத்தீவுக்கு போட் ஏறிப் போயிடுவினம், மத்தியானம் மட்டும் அது வெறுமையாக் கிடக்கும், வேலை செய்யிற பிள்ளை எடுக்கவும் பயம் விடவும் பயம் எண்டு முழுசிக்கொண்டு நிக்கும். முதலாளி ஒரு போர்ட்டை எழுதி நட்டு, எடுத்த பிள்ளைக்குப் பின்னால நிண்டா அந்தப் பிள்ளைக்கு ஒரு தைரியம். பின்னால நிக்காட்டி ஏச்சு முழுக்க அதுக்குத்தான்.

டிசம்பர் பயணத்துக்கு வருவம். முதல் நாள் ஏறின உடன எல்லாரும் சாப்பாட்டுக்கும் கபினுக்கும் ஓடுவினம், அந்த நேரம் டெக் பெரும்பாலும் வெறுமைதான், பிள்ளையளை அண்டைக்கே இறக்கி விளையாட விடுங்கோ. கரைக்குப் போற நாளில மற்றவைக்கு முன்னம் திரும்பி வந்தாலும் இடம் கிடைக்கும். கடல் நாளில பத்து மணிக்கும் மூண்டு மணிக்கும் இடையில பூல் பக்கம் போராட வேண்டாம், நாலு மணிக்குப் பிறகு சனம் இரவுச் சாப்பாட்டுக்கு உடுக்கப் போயிடும், வெயிலும் தணிஞ்சிருக்கும், எங்கட தோலுக்கும் அதுதான் நல்லம். பூலை விட்டு ஒரு தட்டு மேல ஏறினாலோ கப்பலின்ர பின்பக்கம் போனாலோ கதிரை கனக்கக் கிடக்கும், சனம் நடக்கப் பஞ்சிப்பட்டு அங்க போறேல்ல. உங்களுக்கும் அண்ணைக்கும் அமைதிதான் வேணுமெண்டா பெரியாக்களுக்கு மட்டும் எண்டு ஒரு பகுதி இருக்கும், ராயல் கரீபியன்ல சொலாரியம் 16 வயசுக்கு மேல, கார்னிவல்ல செரினிற்றி 21க்கு மேல, ரெண்டுக்கும் தனிக் காசு இல்ல. நாள் வாடகைக்குக் கபானா எண்ட தனி நிழல் குடில் எடுக்கலாம்தான், எனக்கெண்டா அவ்வளவு காசைக் குடுக்க மனம் வராது.

பேரப்பிள்ளையளோட போறபடியால் ஒண்டு கட்டாயம் சொல்லோணும். எல்லாக் கப்பல் பூலிலயும் காவலுக்கு லைஃப்கார்ட் இல்ல, இருந்தாலும் அவையை நம்பி விடாதேங்கோ, ஒரு பெரியாள் எப்பவும் தண்ணி ஓரத்தில கண் வச்சுக்கொண்டு இருக்கோணும். ஆள் மாறி ஆள் இருந்தீங்கள் எண்டா உங்கட ஒரு கதிரை எப்பவும் உங்கட கதிரைதான், துவாய் போட்டுப் பிடிக்கத் தேவையே வராது. பிள்ளையளுக்கெண்டு தனிக் கதிரை கேக்காதேங்கோ, அதுகள் தண்ணியை விட்டு ஏறாதுகள், ஏறினாலும் ஐஸ்கிரீம் எடுக்க ஓடுங்கள், நாலு பெரியாக்களுக்கு ரெண்டு கதிரை காணும். நப்பி போடுற வயசுப் பிள்ளை இருந்தா பூலுக்குள்ள இறக்க விடமாட்டினம், அதுக்கெண்டு விட்டிருக்கிற தண்ணி விளையாட்டு இடம் கப்பலில இருக்கா எண்டு முன்னமே கேளுங்கோ.

கடைசியா அந்தக் காசுக் கதை. வேண்டாம் அக்கா. கதிரை பிடிச்சு வைக்கிறது அந்தப் பெடியனுக்குத் தடை, பிடிபட்டா அவன்ர வேலைக்குத்தான் ஆபத்து. அவன் இந்தோனேசியாவோ பிலிப்பைன்ஸோ இந்தியாவோ, சிலநேரம் எங்கட நாட்டுப் பிள்ளையாவும் இருக்கும், மாதக்கணக்கா வீட்டை விட்டு வந்து உழைக்கிறவன். சேவைக்கான டிப்ஸ் கனக் கப்பலில நாளுக்கு ஆளுக்கு இவ்வளவு எண்டு பில்லில தானா ஏறும், அதுக்கு மேல நீங்கள் விரும்பி அஞ்சு டொலர் குடுத்தா சந்தோசமா வாங்குவான், ஆனா கதிரைக்காக எண்டு குடுக்காதேங்கோ. அதைவிடப் பெரிய உதவி ஒண்டு இருக்கு. பயணம் முடியக் கொம்பனி ஈமெயிலில கருத்துக் கேட்டு ஒரு ஃபோர்ம் அனுப்பும். நெஞ்சில குத்தியிருக்கிற அட்டையில அவன்ர பேரும் நாடும் இருக்கும், மகனைக் கொண்டு போனில ஒரு படம் எடுத்து வையுங்கோ, எழுத்துப் பிழையில்லாம அந்தப் பேரைப் போட்டு, எந்தத் தட்டு, எந்த நாள், என்ன உதவி செய்தவன் எண்டு ரெண்டு வரி எழுதிவிடுங்கோ. அடுத்த கொன்ட்ராக்ட்டுக்கும் பதவி உயர்வுக்கும் அந்த ரெண்டு வரியையும் எடுத்துப் பாப்பினம்.