நகை பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: எனக்கு வயது 24. பி.காம். முடித்துவிட்டு எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். வெப்சைட் உருவாக்கும் வேலைக்குப் போக ஆசை. ஆனால் புரோகிராமிங் பற்றி ஒன்றுமே தெரியாது. ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாத ‘ஃபுல் ஸ்டாக்’ (வெப்சைட்டின் பிரவுசர் பக்கம், சர்வர் பக்கம் இரண்டும் சேர்ந்த) வகுப்புக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். அண்ணன் பைத்தான் படி என்கிறார். தோழி ரியாக்ட் படி என்கிறாள். வீட்டில் லேப்டாப் இல்லை. மீன் விற்கும் அம்மா, நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, காசிமேடு

பதில்: நகை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பதை அறிந்துகொள்ள அவ்வளவு பணம் தேவையில்லை. கடையிலிருந்து திரும்பியபின் நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் மூன்று மாதம் உட்கார்ந்தால் அது தெரிந்துவிடும்.

அண்ணன் சொல்வதும் தோழி சொல்வதும் தவறல்ல. இருவரும் உங்களை நடுவழியில் ஏற்றிவிடப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். வெப்சைட் வேலையில் பைத்தான் என்ற மொழி பெரும்பாலும் சர்வர் பக்கம், அதாவது பக்கங்களை நமக்கு அனுப்பும் கம்ப்யூட்டரில், ஓடுவது. ரியாக்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியின் மேல் கட்டப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் அதைப் படித்தால் மனப்பாடம்தான் மிஞ்சும். ஆகவே பிரவுசரிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் எது தலைப்பு, எது பட்டியல், எது படம் என்று சொல்வது ஹெச்டிஎம்எல். அவற்றின் நிறத்தையும் அளவையும் இடத்தையும் தீர்மானிப்பது சிஎஸ்எஸ். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மாதம், மூன்றாவதற்கு மீதி இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாடத்தில் வரும் பயிற்சிகளோடு நிற்காமல், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பக்கமாக்குங்கள். அம்மாவின் அன்றாட மீன் விலைப் பட்டியலே போதும். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று வரிசையாக எழுதி, எதிரே கிலோ விலையைப் போடுங்கள். பிறகு வாங்குபவர் எத்தனை கிலோ என்று கட்டத்தில் எழுதினால், மீனைச் சுத்தம் செய்யும் கூலியும் சேர்ந்து மொத்தத் தொகை வரும்படி செய்யுங்கள்.

இங்கேதான் உண்மையான படிப்பு ஆரம்பமாகும். ஒரு கட்டத்தில் மீனுக்கு 450 ரூபாய் என்றும் இன்னொன்றில் கூலி 50 ரூபாய் என்றும் எழுதிக் கூட்டச் சொன்னால், 500 வருவதற்குப் பதிலாக 45050 என்று வந்து நிற்கும். நாள் முழுவதும் பில் போடும் உங்களுக்கு இது வயிற்றைக் கலக்கும்! கட்டத்தில் தட்டியது எதுவாக இருந்தாலும் அது ஜாவாஸ்கிரிப்ட்டிடம் முதலில் எழுத்தாகவே போய்ச் சேர்கிறது. இரண்டு எழுத்துத் தொடர்களுக்கு நடுவே கூட்டல் குறியைப் போட்டால் அது கூட்டாது, ஒட்டிவிடும். எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். ஆனால் கழித்தல், பெருக்கல், வகுத்தல் குறிகளைப் போட்டால் அதுவே எண்ணாக மாற்றிக்கொள்வது குழப்பத்தை இன்னும் வளர்க்கும்.

அடுத்ததாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், ‘விசைப்படகுகள் கடலுக்குச் செல்லவில்லை’ என்று பக்கத்தின் மேலே தானாகத் தெரியும்படி செய்து பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால், அதற்கு ஏப்ரல் 3, ஜூன் 5. தேதிகளை மட்டும் நம்மைப் போல 1 முதல் எண்ணும். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். அந்த ஆரம்ப காலத்தில் தேதிக் கணக்கை ஜாவா என்ற வேறொரு மொழியில் இருந்தபடியே எடுத்துக்கொண்டதால் வந்த வினை இது. இன்று மாற்றினால் பழைய பக்கங்கள் கெட்டுவிடும் என்பதால் அப்படியே இருக்கிறது. இதைச் சோதிக்க ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைய தேதிக்குப் பதிலாக ஒரு மே மாதத் தேதியைக் கொடுத்துப் பார்த்தால் போதும்.

ஹெச்டிஎம்எல் வரை போனிலேயே எழுதிப் பழகலாம். ஜாவாஸ்கிரிப்ட்டில் பிழை எங்கே என்று காட்டும் கருவி கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் வசதியாக இருப்பதால், இரண்டாம் மாதத்தில் ரிச்சி தெருவுக்கு அண்ணனை அழைத்துச் சென்று பழைய லேப்டாப் ஒன்றைப் பாருங்கள். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் 8 ஜிபி ரேமும் இருந்தால் தாராளம். பாடங்களுக்கு எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையதளங்கள் இரண்டும் இலவசம். தமிழில் முதலில் படித்தால் பயம் தெளியும் என்றால், கணியம் அறக்கட்டளையின் இலவச மின்னூல்கள் இருக்கின்றன. பிழைச் செய்திகள் எப்படியும் ஆங்கிலத்தில்தான் வரும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே தமிழில் பொருளையும் எழுதி வையுங்கள்.

பக்கம் முடிந்ததும் கிட்ஹப் பேஜஸ் என்ற இணையச் சேவையில் காசில்லாமல் ஏற்றி, அம்மாவின் வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதற்குப் பிறகும் வகுப்பு வேண்டுமென்று தோன்றினால், அந்தப் பக்கத்தோடு பயிற்சி நிலையத்துக்குப் போய், இதற்குமேல் என்ன கற்றுத்தருவீர்கள் என்று கேளுங்கள். ஒரு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேட்டு, அங்கே மாணவர்களே எழுதுகிறார்களா அல்லது ஆசிரியர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். சேர்ந்தாலும் மாதத் தவணையில் கட்டுங்கள். முழுத் தொகையையும் முதல் நாளே கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.